முன்சக்கரத்தில் வண்டி மை

அண்ணனின் கார் பாட ஆரம்பித்தது, சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில்தான். முதல் நாள் வண்டு சுற்றுவதுபோல ஒரு ரீங்காரம். இரண்டாம் நாள் அது மாவு மில் ஓடுகிற சத்தமானது. மூன்றாம் நாள் வடக்கனந்தல் கடைத்தெருவுக்குள் கார் நுழையும் முன்பே சத்தம் நுழைந்துவிட்டது. "தோ, கச்சேரி வண்டி வந்துடுச்சிப்பா" என்று சாத்திக் கிடந்த டீக்கடைத் திண்ணையில் கேலி பேசினார்கள். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்தச் சத்தம் என் பிழைப்பிலேயே கை வைக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

அது வெள்ளை அம்பாசிடர். யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கி அண்ணன் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். வடக்கனந்தலுக்கு வெளியே, கொல்லையை ஒட்டி எங்கள் வீடு. வாசலில் ஒரு பக்கம் காரும் மறுபக்கம் அப்பாவின் மாட்டு வண்டியும் நிற்கும். இரண்டுக்கும் ஆகாது. அதாவது, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஆகாது. அப்பா அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. "மாடு இல்லாத வண்டி இன்னா வண்டி? நின்னு போனா வால முறுக்கக்கூட வழி இல்ல" என்பார். அண்ணன் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு திரிவதும் அவருக்குக் கேலிதான். அப்பாவுக்கு எழுத்தும் தெரியாது, கடிகாரம் பார்க்கவும் தெரியாது. வெயிலில் நின்று தன் நிழலை ஒரு பார்வை பார்ப்பார், கிணற்றில் தண்ணீர் முறை மாற்றச் சொல்லிக் குரல் கொடுப்பார். அவ்வளவுதான் அவருடைய மணி.

ஆனால் வண்டி விஷயத்தில் அவரிடம் யாரும் வாயைக் கொடுக்க முடியாது. எங்கள் மாட்டு வண்டி வருவது மாட்டின் கழுத்து மணியில்தான் தெரியும், சக்கரச் சத்தத்தில் தெரியாது. அதற்குக் காரணம் அவர் தயாரிக்கும் வண்டி மை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை வேட்டித் துணியில் சலித்து, எங்கள் கொல்லை ஆமணக்கில் அம்மா காய்ச்சிய விளக்கெண்ணெயை விட்டுக் குழைப்பார். கருகருவென்று விழுது மாதிரி இருக்கும். அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார். வண்டி அச்சில் அதைத் தடவினால் சக்கரம் பேசாது. பக்கத்து ஊரிலிருந்துகூட வந்து ஒரு கை வாங்கிப் போவார்கள்.

மறியல் என்று சொன்னேன். எங்கள் சாதிசனம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை அடைத்த காலம் அது. சாலையோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் பெரியப்பா பிள்ளைகளே கோடாலி எடுத்துப் போனார்கள். பேருந்து இல்லை, கடை இல்லை, தபால் இல்லை. சில ஊர்களில் போலீஸ் சுட்டதாகச் செய்தி வந்தது. சில ஊர்களில் ஏழைகளின் கூரைகள் எரிந்தன, எரித்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வதற்கு மரியாதை இல்லை.

அண்ணன் மரம் வெட்டப் போகவில்லை. ஆனால் மறியல்காரர்களுக்குக் கட்டுச்சோறு ஏற்றிப் போனான். சாலை அடைபட்டிருந்ததால் வாய்க்காலில் இறங்கி, சக்கரம் பாதி முழுகுகிற தண்ணீரில் நாலு நடை போய்வந்தான். அந்தத் தண்ணீர்தான் முன்சக்கரத்துக்குள் போய் வேலையைக் காட்டியது.

"படிச்ச புள்ளைங்களுக்கு வேல வேணும்" என்பதுதான் மறியலின் கோரிக்கை. அவர்கள் சாய்த்த மரங்களுக்கு அந்தப் பக்கம், கள்ளக்குறிச்சியில் ஒரு தபால் பையில், எனக்கு வந்த வேலை உத்தரவு ஒரு வாரம் முடங்கிக் கிடந்தது. இதைவிட நல்ல வேடிக்கையை நான் பிறகு பார்த்ததில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஏழு வருடம் காத்திருந்தவள் நான். அந்த ஏழு வருடத்தில் என்னைப் பார்த்து "டீச்சரம்மா" என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார்கள். மறியல் முடிந்த மறுநாள் தபால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கி மரங்களைத் தாண்டி வந்து உறையைக் கொடுத்தார். கல்வராயன் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை வேலை. குறிப்பிட்ட நாளில் முற்பகலுக்குள் சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்தாகலாம். அந்த நாளுக்கு இடையில் இரண்டே நாள்தான் இருந்தது. மலைக்குப் பேருந்து எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தது அண்ணனின் கச்சேரி வண்டி ஒன்றுதான்.

அண்ணன் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கினான். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினான். விழப்போகிற பல் மாதிரி அது ஆடியது.

"பேரிங்கு போச்சி. இதோட மல ஏறினா சக்கரம் தனியா எறங்கி வூட்டுக்கு வந்துடும்" என்றான்.

அச்சில் மாட்டி, தனக்குள் இரும்புக் குண்டுகளை உருட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடுகிற வளையம்தான் பேரிங். உள்ளங்கையில் அடங்குகிற பொருள். அந்தச் சின்ன வளையத்துக்காகக் கடை கடையாக ஏற முடியாது, எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். கார் ஸ்டாண்டில் அவனோடு வண்டி ஓட்டியவர் ஒருவர் இறந்துபோயிருந்தார். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய அம்பாசிடர் மக்கிக் கிடக்கிறது, முதலாளி வேண்டாமென்று விட்டுப்போனது. அதில் முன்சக்கரம் இருக்கிறது.

"நீயும் வா. நான் தனியா போனா கதவத் தெறக்க மாட்டாங்க" என்றான்.

எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் தெருக்கள் அந்த வாரம் இருந்தன. சாத்தியதில் நியாயமும் இருந்தது. சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி வரை போனேன். மரம் குறுக்கிட்ட இடத்தில் எல்லாம் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளின் மேல் ஏறித் தாண்டினேன். வெட்டிக் கிடந்த கிளைகளில் புளியம்பிஞ்சு காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். அழுகை வந்தது, புளிப்பினாலா என்று கேட்டால் இல்லை.

இறந்தவரின் மனைவியான அக்கா கதவைக் கால்வாசி திறந்து பார்த்தார். கூலி வேலைக்குப் போய் இறுகிய உடம்பு, கண் மட்டும் தூங்காத கண். நான்தான் பேசினேன்.

"மலையில பள்ளிக்கூடத்துல வேல கெடச்சிருக்குதுங்கக்கா. நாளான்னிக்கி காலையில சேரணும். வண்டி பேரிங்கு போயிடுச்சி."

அவர் என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்தார். "இவரும் மரம் வெட்டப் போனாரா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "வெட்டலிங்க. வெட்டினவங்களுக்குச் சோறு ஏத்திக்கினு போனன்."

பொய் சொல்லியிருந்தால் கதவு மூடியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் பெருமூச்சு விட்டு ஒதுங்கி வழிவிட்டார். "கழட்டிக்கினு போங்க. ஆனா டைவர் சீட்ல கோழி அடையில இருக்குது, இன்னும் மூணு நாளு. வண்டி ஆடுச்சின்னா கோழி எழுந்திரிச்சிடும். ஆட்டாம கழட்டுங்க."

காரை ஆட்டாமல் சக்கரத்தைக் கழற்றுவது எப்படி? ஜாக்கி வைத்துத் தூக்கினால் வண்டி சாயும். அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு அச்சுக்கு அடியில் கருங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் இருந்த மண்ணைத் தோண்ட ஆரம்பித்தான். வண்டியைத் தூக்காமல் பூமியை இறக்கினான். என் அண்ணனுக்கு மூளை உண்டு என்று நான் ஒப்புக்கொண்ட முதல் நாள் அது.

என் வேலை கோழியைப் பார்த்துக்கொள்வது. உடைந்த கண்ணாடி வழியே தலையை நீட்டினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வைக்கோல் போட்ட சீட்டில், பதினோரு முட்டையின் மேல் ஒரு பெட்டைக் கோழி உட்கார்ந்து என்னை முறைத்தது. அண்ணன் சுத்தியலால் முதல் தட்டு தட்டியதும் இறக்கையை விரித்தது. நான் முந்தானையை எடுத்து அதன்மேல் கூடாரமாக விரித்தேன். இருட்டானதும் அடங்கிவிட்டது. அரைமணி நேரம் முந்தானையைப் பிடித்தபடி குனிந்து நின்றதில் முதுகு விட்டுப்போனது. "அவரு உக்காந்த எடம் அது. அங்கதான் அடை உக்காரும், வேற எங்க வெச்சாலும் உக்காராது" என்றார் அக்கா.

பேரிங் வந்தது. அவரே மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் துடைத்து, விரலில் மாட்டிச் சுண்டிவிட்டார். தடங்கல் இல்லாமல் சுற்றியது. உள்ளே போய் வாழைச்சருகு போட்டுக் கட்டிய ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அதில் மஞ்சள் நிறத்தில் கிரீஸ்.

"கடை எல்லாம் சாத்திக்கினு இருக்குது, கிரீசுக்கு எங்க போவீங்க? அவரு வெச்சிட்டுப் போனது. தண்ணி படாம வெச்சிருந்தன்" என்றார். நான் அந்தக் கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் வாசலில் வேலை நடந்தது. அண்ணன் சக்கரத்தைக் கழற்றினான். நடுவிலிருந்த மூடியை நெம்பி, நட்டு கழன்றுவிடாமல் குத்தியிருந்த பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் திருகி, சக்கரம் மாட்டுகிற இரும்புக் குடத்தை வெளியே எடுத்தான். பழைய பேரிங் அதற்குள் துருவோடு துருவாக ஒட்டியிருந்தது. எவ்வளவு தட்டினாலும் வரவில்லை. "சுடு தண்ணியில போட்டா குடம் விரியும், தானா வுட்டுரும்" என்றான். அந்த அளவு பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் உண்டு, நெல் அவிக்கும் அண்டா. அம்மா அண்டாவின் மேல் உட்காராத குறை.

"நெல்லு அவிக்கிற அண்டால இரும்ப அவிப்பாங்களாடா? அடுத்த வருசம் சோறு திங்க வேணாமா?"

"பாப்பா வேலைக்குப் போவ வேணாமாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அண்டாவை உருட்டிவிட்டு, தானே அடுப்பும் மூட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க, குடத்தைக் கயிறு கட்டி உள்ளே இறக்கினோம். கால் மணியில் எடுத்துக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டியதும் பழைய பேரிங் உதிர்ந்து விழுந்தது. சூடு ஆறும் முன்பே மற்றதைச் செருகினான் அண்ணன். அது போய் உட்கார்ந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

மலையடிவாரத்து அணை வரைக்கும் மரங்களை ஒதுக்கிவிட்டார்களா என்று பார்த்துவர அண்ணன் சைக்கிளை எடுத்தான். போகும்போது அப்பாவிடம், "நைனா, ஆறினதும் அந்தக் கிரீஸ பேரிங்கு பூரா அடச்சி வையி. நான் வந்து மாட்டிக்கிறன்" என்றான். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காரின் வேலையில் அப்பாவை அவன் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கொட்டாங்குச்சியில் விரலை விட்டுக் கிரீசை எடுத்தார். மோந்து பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தது. "மெழுகு மாதிரி இருக்குது. இது எப்பிடிம்மா வழுக்கும்?" என்றார். எழுந்து போனார். மாட்டு வண்டிக்கு அடியில் தொங்கிய மூங்கில் குழாயை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"நைனா, அண்ணன் கிரீசு போடச் சொல்லிச்சி."

"அவனுக்கு இன்னா தெரியும்? எம் பொண்ணு போற வண்டி. கண்ட பசையப் போட்டு அனுப்புவனா?"

ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் விரல் நுனியால் அந்தக் கருப்பு விழுதை அடைத்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமை. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, திருட்டு மாங்காய் தின்ற பையன் மாதிரி சிரித்தார். "அவங்கிட்ட சொல்லாத. நாளைக்கி சத்தமே இல்லாம ஓடும் பாரு, அப்ப சொல்லிக்கலாம்."

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னை நானே கேட்டிருக்கிறேன். அறிவியல் படித்தவள், உராய்வு பாடத்தைத் தலைகீழாக ஒப்பிப்பவள். சாம்பலும் கரியும் கலந்தது இரும்புக்குள் போனால் அரம் மாதிரி அராவும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எங்கள் மாட்டு வண்டி ஒருநாளும் கிறீச்சிட்டதில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அவருடைய அந்தச் சிரிப்பு. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முதல் தடவையாகக் காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் டிரங்குப் பெட்டி பின்னால் என் பக்கத்தில். அண்ணன் தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டிருந்தான். கார் சத்தமே போடவில்லை. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பி என்னைப் பார்ப்பார், கண்ணைக் காட்டுவார். "எப்பிடி ஓடுது பாத்தியா?" என்று அண்ணனிடம் கேட்டார். "நல்லா ஓடுது நைனா, பேரிங்கு மாத்துனது நான் ஆச்சே" என்றான் அண்ணன். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு மணி நேரம் என் அப்பா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதை நினைத்தால், பிறகு நடந்ததையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

அணைக்கு அப்பால் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தை ஒதுக்கும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து, மலை ஏற ஆரம்பித்தோம். ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். வாசனை வந்தது. அம்மா ஆமணக்குக் காய்ச்சும் நாளில் வீடு முழுக்க அடிக்குமே, அந்த வாசனை. மலைக்காட்டில் யார் விளக்கெண்ணெய் காய்ச்சுகிறார்கள் என்று அண்ணன் கேட்டான். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கழுத்து விறைத்துப்போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அடுத்த வளைவில் சக்கரம் அலறியது. புகை வந்தது. அண்ணன் காரை ஓரம் கட்டி இறங்கினான். சக்கரத்தைக் கழற்றி, துணியைச் சுற்றிக்கொண்டு மூடியை நெம்பினான். உள்ளே அடுப்புக்கரி மாதிரி காய்ந்து வெந்த ஏதோ ஒன்று. குண்டுகள் இரண்டு பிளந்திருந்தன.

"இன்னா இது? கிரீசு எங்க?"

"நான்தான்டா" என்றார் அப்பா. "நம்ம மை போட்டன்."

அண்ணன் வாயைத் திறந்தான். நான் பயந்தேன். அவனுடைய கோபம் அப்படிப்பட்டது. ஆனால் அப்பாவின் முகத்தில் அவன் எதைப் பார்த்தானோ, வாயை மூடிக்கொண்டான். போய்ச் சாலையோரக் கல்லின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "எனக்கும் தெரியும்ணா" என்று நான் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மணி ஒன்பதே முக்கால். பத்து மைலுக்குக் குறையாமல் இருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். துண்டைச் சும்மாடு கோலி, டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன்.

கடுக்காய் மூட்டையோடு வந்த மலைக்காரப் பெண் ஒருவர் குறுக்குத் தடம் காட்டினார். "இன்னும் எத்தினி தூரம்மா?" என்று அப்பா கேட்டார். "தோ, கூப்புடு தூரந்தான்" என்றார் அவர். மலைக்காரர்களின் கூப்பிடு தூரம் எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மூச்சு வாங்க ஒரு மேடு ஏறினால் இன்னொரு மேடு. தலைக்கு மேல் மரங்கள் அடைத்துக்கொண்டு வெயிலே தெரியவில்லை. அப்பா திரும்பாமல் கேட்பார்: "மணி இன்னா ஆவுது பாப்பா?"

பதினொன்று ஆகும்போது "பத்து" என்றேன். பன்னிரண்டு ஆகும்போது "பத்தே முக்கால் நைனா, நேரம் இருக்குது" என்றேன். அவர் வேகத்தைக் கூட்டினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரே ஒரு முறைதான் வேறு பேச்சு பேசினார். "அந்தப் பொம்பள குடுத்ததையே வுட்டிருக்கணும்" என்றார். நான் பின்னால் வந்ததால் அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

பள்ளி மைதானத்தில் கால் வைத்தபோது என் கையில் மணி ஒன்று இருபது. வெட்டவெளியில் வெயில் கொளுத்தியது. அப்பா பெட்டியை இறக்கிவிட்டு அப்படியே நின்றார், தலையைக் குனிந்துகொண்டு. களைப்பு என்று நினைத்தேன். "நீ போ, நான் இங்கியே நிக்கிறன்" என்றார்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் எறும்பு செத்தால்கூட மூன்று பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிற ரகம். உத்தரவைப் படித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வியர்த்துப்போன என்னைப் பார்த்தார். "சேத்துக்கிறேம்மா. வழி அடைபட்டிருந்ததுன்னு எழுதறேன். ஆனா முற்பகல்னு எழுத முடியாது, என் கை வராது" என்றார். பணியேற்பு அறிக்கையில் "பிற்பகல்" என்று எழுதி, கார்பன் வைத்த நகலை என்னிடம் கொடுத்தார்.

வெளியே அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மை படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டியே கறையாகியிருந்தது.

"சேத்துக்கினாங்களா?"

"சேத்துக்கினாங்க நைனா."

"நேரத்துக்கு வந்தன்னு எழுதினாங்களா? படி பாக்கலாம்."

நான் நகலை விரித்தேன். தேதியைப் படித்தேன். பள்ளியின் பெயரைப் படித்தேன். என் பெயரைப் படித்தேன். "முற்பகல் பணியில் சேர்ந்தார்" என்று படித்தேன். அப்பா அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. மடிச்சி வையி" என்றார்.

வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. ஆனால் அதே நாள் மலையில் இன்னொரு பள்ளியில் முற்பகலில் சேர்ந்த ஓர் ஆசிரியை, அந்த அரை நாளால் எனக்கு மூத்தவரானார். தலைமையாசிரியர் பதவி அவருக்குப் போனது. எனக்கு முறை வருவதற்குள் ஓய்வு வந்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வருத்தம் உண்டு. ஆனால் உராய்வு பாடம் நடத்தும்போதெல்லாம் மூங்கில் குழாயும் அந்தத் திருட்டுச் சிரிப்பும் நினைவுக்கு வந்து, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நானும் சிரித்துவிடுவேன்.

அண்ணன் காரைச் சரிசெய்து, பிறகு விற்று, வேறு வாங்கினான். மலையிலிருந்து இறங்கிய அந்த வாரமே அப்பா கருணாபுரத்துக்கு நடந்தே போய்க் கிரீசைக் கொட்டாங்குச்சியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, பொரித்த குஞ்சுகளில் இரண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். அந்த அக்காதான் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் ஊருக்குப் போகும்போது அப்பா மறக்காமல் கேட்பார்: "அந்தக் காகிதத்த எடும்மா, படி பாக்கலாம்." நான் எடுத்து, "முற்பகல்" என்று படிப்பேன். "சரிம்மா. மடிச்சி வையி" என்பார். இருபது பொங்கலுக்கு மேல் படித்திருப்பேன். அவர் படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் படித்தேன்.

அவருடைய காரியம் முடிந்த அன்று நானும் அண்ணனும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பழைய கதை பேசினோம். "நைனாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் போச்சி, அதுவும் நல்லதுதான்" என்று அந்தப் பிற்பகல் சங்கதியைச் சொன்னேன்.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"யாரு, நைனாவுக்கா? அன்னிக்கி மல எறங்கி வந்ததும் மொதல்ல சொன்னதே அதுதான். 'வெயில்ல நின்னு என் நெழலப் பாத்தன்டா, கெழக்க சாஞ்சி போச்சி. உச்சி தாண்டிடுச்சி. பொண்ணு முற்பகல்னு படிக்கிது'ன்னாரு. 'அவகிட்ட சொல்லாத'ன்னாரு."

மைதானத்தில் அவர் தலைகுனிந்து நின்றது களைப்பினால் இல்லை. நான் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே "படி பாக்கலாம்" என்று கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டே வருடா வருடம் கேட்டிருக்கிறார். தன்னால் மகளுக்குக் குறைந்துபோன அந்த அரை நாளை மகள் வாயாலேயே திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நானும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்த நகலை எடுத்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அவர் படத்துக்கு முன்னால் நின்று, தேதி, பள்ளி, என் பெயர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். அந்த இடம் வந்தபோது, வழக்கம்போல, "முற்பகல்" என்றே படித்தேன். மடித்து வைத்தேன்.